டைகருக்கு மாத்திரையா, தம்பிக்கு மாத்திரையா?

நில்லு தம்பி. மெடிக்கல் ஷாப்புக்குத்தானே கிளம்பிட்டே? மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கு. நேத்து ராத்திரி நம்ம சேலையூர்ல பிள்ளையாரைக் கரைக்கக் கொண்டுபோனாங்க. மேளம் அடிச்சாங்க, சரவெடியைக் கொளுத்திப் போட்டாங்க. உன் வீட்டு டைகர் பாத்ரூம்ல வாளிக்கும் சுவத்துக்கும் நடுவுல சொருகிக்கிட்டு விடிய விடிய வெளிய வரலை. "டைகர், டைகர்"னு நீ கெஞ்சுனது கீழ்வீட்டுல இருக்குற எனக்கு நல்லாவே கேட்டுச்சு. பேரு வெக்கிறப்பவே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இப்ப உன் திட்டம் என்னன்னு நானே சொல்லிர்றேன். ஒரு தூக்க மாத்திரையை வாங்கி வெச்சுக்கணும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி தயிர்சாதத்துல பொடிச்சுப் போட்டுரணும். அது பாட்டுக்குக் கிடக்கும், நீ பாட்டுக்கு எண்ணெய் தேச்சுக் குளிச்சுட்டு இட்லி கறிக்குழம்பு சாப்பிடுவே. நல்ல திட்டம்தான். கடைக்காரர் "யாருக்கு?"ன்னு கேப்பாரு. "டைகருக்கு"ம்பே. "வயசு?" "நாலு." "எடை?" "முப்பத்திரெண்டு கிலோ." அவரு மாத்திரையைக் கையில வெச்சுக்கிட்டு உன்னை ஒரு பார்வை பாப்பாரு பாரு, அந்தப் பார்வைக்கே ஒரு மாத்திரை நீ போட்டுக்கிட்டாதான் வீடு வந்து சேரலாம்.

உக்காரு. டீ வருது.

உனக்குத்தான் தெரியுமே, நான் விருதுநகர் மாவட்டத்துக்காரன். பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏறி வெள்ளனத் தாம்பரத்துல இறங்குன ஆளு. நாட்டுல வெடிக்கிற வெடியில பெரும்பகுதி எங்க சிவகாசியிலதான் செய்யுறாங்க. நாட்டுக்கே பேரு சொல்ற ராஜபாளையம் நாயும் எங்க மாவட்டம்தான். 2005-ல தபால்தலையே போட்டாங்க. அந்த வெள்ளை நாய்ல சிலதுக்குப் பிறவியிலேயே காது கேக்காது. ஆண்டவன் கணக்குப் பாரு, வெடி செய்யுற ஊருக்குப் பக்கத்துல செவிட்டு நாய். நீயோ காது ரெண்டும் நல்லாக் கேக்குற லாப்ரடாரை வாங்கி, விமானப்படைத் தளத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் நடுவுல, கேம்ப் ரோட்டு மேல ஃபிளாட்டுல குடி வெச்சிருக்கே.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்கிறியா? உனக்குக் கூகுள் இருக்கு, எனக்குப் பேத்தி இருக்கா. வேப்பேரியில கால்நடை மருத்துவம் படிக்கிறா. 1903-ல ஆரம்பிச்ச காலேஜு அது. எலெக்ட்ரிக் ட்ரெயின்ல எழும்பூர்ல இறங்கி நடந்தா வந்துரும். ஆனா ஒருத்தன்கூட வெடிப் பயத்துக்கு நாயைக் காட்ட அங்க போக மாட்டான். கால் ஒடிஞ்சா போவான், வாந்தி எடுத்தா போவான். பயந்தா? "நாய்னா அப்படித்தான் சார்"னு நியாயம் பேசுவான்.

இதுல ரெண்டு கட்சி இருக்கு பாத்துக்கோ. ஒரு கட்சி, "நாய்க்கெல்லாம் மன வைத்தியமா? எங்க தாத்தா காலத்துல..."ன்னு ஆரம்பிக்கும். தாத்தா நானே உக்காந்திருக்கேன், என்னைக் கேக்க மாட்டான். எங்க காலத்துல நாயைக் கட்டிப்போடலை. பயந்தா காட்டுப் பக்கம் ஓடிப்போய் ரெண்டு நாள் கழிச்சு வரும். மூணாவது மாடியில அது எங்க ஓடும்? பால்கனியைத் தாண்டிக் குதிச்ச நாய் உண்டு. இன்னொரு கட்சி உன்னோடது. "ஏதாச்சும் ஒண்ணைக் குடுத்துப் படுக்க வை."

இந்த ரெண்டாவது கட்சியாலதான் நாய்க்கு ஆபத்து அதிகம். உனக்கு வேண்டியது டைகர் சத்தம் போடாமக் கிடக்கணும். டைகருக்கு வேண்டியது பயம் போகணும். ரெண்டும் ஒண்ணு இல்லைப்பா. அசிபுரோமசின்னு ஒரு மருந்து உண்டு. ரொம்ப வருசம் நாய்க்கு வெடிப் பயம்னா அதைத்தான் எழுதிக் குடுத்தாங்க. போட்டா அசையாமக் கிடக்கும். வீட்டுக்காரனுக்குப் பரம திருப்தி. ஆனா அது உடம்பைத்தான் கட்டிப்போடுது, உள்ள இருக்குற பயத்தைத் தொடுறதில்லை, சில நாய்க்குச் சத்தம் இன்னும் கூடுதலா உறைக்குதுன்னு இப்ப டாக்டருங்க சொல்றாங்க. யோசிச்சுப் பாரு. வெடி வெடிக்குது, ஓடணும்னு தோணுது, கால் நகரலை. கத்தணும்னு தோணுது, வாய் வரலை. நீ பக்கத்துல நின்னு, "பாருடி, என்னமாத் தூங்குறான்"னு போட்டோ எடுக்குறே. அந்த மருந்து யாருக்கு வேலை செஞ்சுது, சொல்லு?

நாய்ப் பயத்துக்கு மருந்து குடுக்கிறது ஏதோ நேத்து முளைச்ச பட்டணத்து மோஸ்தர்னு நினைக்காதே. பாவ்லோவைப் பத்திப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. மணி அடிச்சா நாய்க்கு எச்சில் ஊறும். பரிச்சைக்கு அது போதும்னு நிறுத்தியிருப்பே. 1924 செப்டம்பர்ல லெனின்கிராடுல வெள்ளம் வந்து, அவரு நாய்களை அடைச்சு வெச்சிருந்த இடத்துல தண்ணி ஏறிப்போச்சு. தலை மட்டும் வெளிய தெரியக் கிடந்ததுகளை ஆளுங்க போய் மீட்டாங்க. பொழைச்சதுல சில நாய்க்குக் கத்துக்குடுத்த பாடமெல்லாம் அழிஞ்சு போச்சு. மறுபடி பழக்கித் தேத்துன பிறகும், கதவுக்கு அடியில கொஞ்சம் தண்ணியைக் கசிய விட்டா பழைய நடுக்கம் திரும்ப வந்துச்சு. மிரண்டுபோன நாய்களுக்கு அந்த மனுசன் புரோமைடு குடுத்து வைத்தியம் பார்த்தாரு. அதுவும் எல்லாத்துக்கும் ஒரே அளவு இல்லை, நாயோட சுபாவத்தைப் பாத்து அளவை மாத்துனாரு. நூறு வருசமாச்சு. நீ இன்னும் கடைக்காரர்கிட்ட "எல்லா நாய்க்கும் போடுறது ஒண்ணு குடுங்க"ன்னு நிக்கப் போறே.

2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூரும் வரதராஜபுரமும் முங்குச்சே, அன்னைக்கு மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போன நாய்ங்க மழை இருட்டுனாலே ஏன் கட்டிலுக்கு அடியில போச்சுன்னு எவனாவது கேட்டானா? மனுசனுக்கு நிவாரணம் வாங்கவே நேரம் சரியாப் போச்சு.

சரி, டைகர் கதைக்கு வருவோம். "போன வருசம் இவ்வளவு பயப்படலையே, பழகிப்போயிரும்னு நினைச்சேன்"னு உன் வீட்டம்மா சொல்லுச்சு. பழகாது. சத்தப் பயம் சில நாய்க்கு வருசத்துக்கு வருசம் ஏறும். முதல்ல வெடிக்குப் பயந்தது, அப்புறம் இடிக்கு, அப்புறம் மின்னலுக்கு, அப்புறம் இன்வெர்ட்டர் கீச்சுன்னு கத்துனாலே. நம்ம பக்கத்துல வெடிக்கு நாளு கிழமை வேற கிடையாது. தலைவர் பொறந்த நாளுக்கு வெடி, பக்கத்துத் தெருச் சாவுக்கு வெடி, சேப்பாக்கத்துல மஞ்சச் சட்டை ஜெயிச்சா குரோம்பேட்டையில வெடி. ஃபின்லாந்துல 13,700 வளர்ப்பு நாய்களைப் பத்திக் கேட்டு எழுதி 2020-ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. சத்தத்துக்குப் பயப்படுறது மட்டுமே கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு. அவங்க ஊர்ல ஐப்பசி மாசமே கிடையாது.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ஏழெட்டு வயசு வரைக்கும் வெடியை மதிக்காத நாய் திடீர்னு சத்தத்துக்கு நடுங்க ஆரம்பிச்சா, முதல்ல மூட்டைப் பாக்கணுமாம். வலி இருக்குற உடம்பு சத்தம் கேட்டுத் திடுக்குன்னு துள்ளுறப்ப வலிக்கும்; அப்புறம் சத்தம்னாலே வலின்னு அது முடிவு கட்டிரும். அப்படிப்பட்ட நாய்க்குப் பய மாத்திரைக்கு முந்தி வலி மாத்திரைதான் வைத்தியம். எனக்கும் மூட்டு வலிதான். ஏசி டெக்னீஷியன் டிரில்லை ஓட்டுனா நானும்தான் அலறுறேன். நம்மளை எவன் பாக்கான்?

மருந்து வேண்டாம்னு நான் சொல்லலை. சொல்ற ஆளுன்னு நினைச்சுத்தானே முகத்தைச் சுளிச்சே? நான் வேணும்ங்கிற கட்சி. பயத்துல நாய்க்கு நெஞ்சு படபடன்னு அடிக்குது, எச்சில் ஒழுகுது, கண்மணி விரியுது, தின்னக் குடுத்தா மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது. இதை உடம்பு நோய்னு சொல்லாம வேற எதைச் சொல்றது? ஆனா மருந்துல ரெண்டு தினுசு இருக்கு. சீட்டுல எழுதிக் குடுத்திருக்கா பேத்தி, இரு, கண்ணாடியைப் போடுறேன்.

ஒண்ணு, அன்னைக்கு வேலைக்கு அன்னைக்குக் குடுக்கிறது. டிரசடோன், காபாபென்டின், ஆல்பிரசோலம்னு பேரு. எல்லாம் மனுசனுக்கு வந்த மருந்துதான், நாய்க்கும் டாக்டருங்க எழுதுறாங்க. இதை வெடிக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரத்துக்கு முந்தியே குடுத்துரணும். பயம் தலைக்கேறுன பிறகு குடுத்தா பிரயோசனம் கம்மி. நம்ம ஆளு என்ன பண்ணுவான்? சரவெடி முழுக்க வெடிச்சு முடிஞ்சு, நாய் சோபாவைக் கிழிச்சுப் பஞ்சாக்குன பிறகு, "அடடா, மாத்திரை"ம்பான். தமிழ்நாட்டுல தீபாவளி வெடிக்கு 2018-லேர்ந்து காலை 6 முதல் 7, சாயங்காலம் 7 முதல் 8-ன்னு நேரம் குறிச்சிருக்காங்க. சுப்ரீம் கோர்ட்டு முதல்ல ராத்திரி 8 முதல் 10-ன்னு சொல்லுச்சு. எங்க தீபாவளி விடியக்காலைத் தீபாவளியாச்சேன்னு நம்ம கவர்மெண்டு போய்க் கேட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு மிகாம நீங்களே பிரிச்சுக்கோங்கன்னு வாங்கிட்டு வந்தாங்க. அந்தச் சட்டத்தை நம்பி 5 மணிக்கு மாத்திரை குடுத்தேன்னு வை, இந்தத் தெருப் பிள்ளைங்க 4 மணிக்கே ஆட்டம்பாமுக்குத் திரி கிள்ளியிருக்கும். சட்டத்தைப் பாத்து மருந்து குடுக்காதே, எதிர்வீட்டுப் பையனைப் பாத்துக் குடு.

அப்புறம், ஒத்திகை. ஒரு மருந்து எல்லா நாய்க்கும் ஒண்ணுபோல வேலை செய்யாது. ஆல்பிரசோலம் போட்டதும் அடங்குறதுக்குப் பதிலா ஆட்டம் போடுற நாயும் உண்டு. அதனால வெடி இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை டாக்டர் சொன்ன அளவைக் குடுத்துப் பாத்து, எவ்வளவு நேரத்துல பிடிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, நடை தள்ளாடுதான்னு பாத்து வெச்சுக்கணும். இன்னொரு விசயம், இந்த ஆல்பிரசோலம் எச்1 பட்டியல் மருந்து. சீட்டு இல்லாமக் குடுக்கக்கூடாது, கடைக்காரர் தனி நோட்டுல பேரு எழுதி வெக்கணும். உன் மாமியாருக்கு எழுதுன மாத்திரை அலமாரியில இருக்கேன்னு அதுல கை வெக்காதே. மாமியார் எண்ணி வெச்சிருக்கும்.

இன்னொரு தினுசு, தினமும் குடுக்கிறது. ஃப்ளூவாக்ஸடின், குளோமிப்ரமின். நாய் பிரிவைத் தாங்காமத் தவிக்கிறதுக்குக் குளோமிப்ரமினை அமெரிக்காவுல 1998-லயும், ஃப்ளூவாக்ஸடினை 2007-லயும் அனுமதிச்சாங்க. வெடி மட்டும் இல்லாம இடி, மழை, தனிமைன்னு வருசம் பூரா நடுங்குற நாய்க்கு டாக்டர் இதை யோசிப்பாரு. ஆனா இது இன்னைக்குப் போட்டு நாளைக்குப் பிடிக்கிற மருந்து இல்லை. நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும். ஐப்பசித் தீபாவளிக்கு ஆவணியில ஆரம்பிக்கணும். இப்ப என்ன மாசம்? அதான் உன்னை நிறுத்துனேன்.

நம்ம சனத்துக்கு முன்யோசனை இல்லைன்னு எவனாவது சொன்னா நம்பாதே. தீபாவளிக்கு ஊருக்குப் போக 60 நாளைக்கு முந்தியே காலை 8 மணிக்குப் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு டிக்கெட் போடுறோம். வெடிக்கு வருசம் பூராச் சீட்டுக் கட்டுறோம். துணிக்கு ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்து வெச்சிர்றோம். நாய்க்கு மட்டும் முந்தின நாள் ராத்திரி 9 மணிக்கு ஞாபகம் வரும். அப்ப டாக்டர் போனை எடுக்கலைன்னு அவரு மேல கோவம் வேற.

2015-ல ஒரு பசை வந்துச்சாம், டெக்ஸ்மெடிடோமிடின்னு பேரு. கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல தடவி விடணும், முழுங்க வெக்கக் கூடாது. நாய்ச் சத்தப் பயத்துக்குன்னே அமெரிக்காவுலயும் ஐரோப்பாவுலயும் அனுமதிச்ச மருந்து. அதுவும் டாக்டர் எழுதுற சமாச்சாரம்தான். நம்ம கைவசம் உள்ளதை வெச்சுத்தான் நம்ம வண்டி ஓடும்.

நீயா எதுவும் குடுத்துராதே, அதை மட்டும் காதுல வாங்கிக்கோ. காய்ச்சல் மாத்திரை, இபுப்ரூஃபன், தீபாவளி லேகியம், "குழந்தைக்கே குடுக்கிறோமே" சிரப்பு, எதுவும் வேண்டாம். மனுசனுக்கு வர்ற சில சிரப்புல சைலிடால்னு ஒரு இனிப்புச் சேக்குறாங்க. நமக்குப் பல்லுக்கு நல்லது, நாய்க்குச் சர்க்கரை தடாலுன்னு இறங்கி உசுருக்கே வந்துரும். ஏற்கெனவே வேற மாத்திரை சாப்பிடுற நாய்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லணும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதுற மருந்தும் இருக்கு.

மாத்திரை பாதி வேலைதான் செய்யும். மீதி உன் வேலை. பாத்ரூம்ல போய் ஒளிஞ்சுதே, அதை ஏன் இழுத்துட்டு வரப் பாக்கிறே? சன்னல் இல்லாத அறை எதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு, என்ஜினீயர் உனக்குத் தெரியலை. அங்கேயே ஒரு பழைய மெத்தையைப் போடு, கதவைத் திறந்து வை, ஃபேனைப் போடு. டிவியில தீபாவளிப் பட்டிமன்றம் ஓடுமே, அதைக் கொஞ்சம் சத்தமா வை. அந்தக் கைத்தட்டலுக்கு நாய் பயப்படாது, நாமளே அதுல தூங்கித்தான் போறோம்.

"பயப்படுறப்போ தடவிக் குடுத்தா பயம் அதிகமாயிரும், கண்டுக்காம விடு"ன்னு உனக்கு யாரோ சொன்னான் பாரு, அவனை நான் தேடிக்கிட்டு இருக்கேன். கூலிக்காக யாரும் பயப்படுறதில்லை. அது உன்கிட்ட வந்து ஒட்டி உக்காந்தா கையை மேல போட்டுக்கோ. தனியா இருக்கணும்னா விட்டுரு. ரொம்பப் பலமா இல்லாத வெடிக்கு, சத்தம் கேட்ட அடுத்த நொடியே ஒரு துண்டு வேகவெச்ச கோழியை நீட்டு. ஒவ்வொரு தடவையும். வெடின்னா கறி வரும்னு கணக்கு மாறிருச்சுன்னா பாதிப் பயம் போச்சு. கறின்னா வெறும் கறி. கறிக்குழம்புல ஊறுனது இல்லை, அதுல வெங்காயம் கிடக்கு, நாய்க்கு ஆகாது. கேசரியில கிடக்குற திராட்சையும் ஆகாது. கோழி எலும்பும் வேண்டாம். நீ குழம்பைச் சாப்பிட்டுக்கோ, அதை யாரு தடுத்தா.

தெரு நாய்ங்க? மருந்து கலந்து வெக்கலாமான்னு உன் வீட்டம்மா கேட்டுச்சு, மனசு நல்ல மனசு. ஆனா வெக்காதே. மயக்கத்துல தள்ளாடிக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டுல இறங்குச்சுன்னா எந்த பஸ்ஸுக்கு அடியில போகும்னு சொல்ல முடியாது. அன்னைக்கு ஒரு ராத்திரி அபார்ட்மெண்ட் கேட்டைத் திறந்து வெச்சு, கார் நிறுத்துற இடத்துல படுத்துக்க விடச் சொல்லு. அசோசியேஷன்ல தீர்மானம் போட்டு, ஆட்சேபம் வாங்கி, அதுக்கு ஒரு கமிட்டி போடுறதுக்கும் இப்பவே ஆரம்பிச்சாத்தான் சரியா வரும்.

"வெடியை நிறுத்தச் சொல்றீங்களா தாத்தா?"ன்னு கேக்காதே. எங்க ஊர்ப் பொழப்புல நானே மண் அள்ளிப் போடுவேனா? கம்பி மத்தாப்பு வாங்கு, புஸ்வாணம் வாங்கு, அதையும் எங்க ஆளுங்கதான் செய்யுறாங்க. நாலு மீட்டர் தூரத்துல 125 டெசிபலுக்கு மேல போற வெடி கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதை அளந்து பாத்த ஒரே ஆளு உன் டைகர்தான். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடின்னு ஊருங்க இருக்கு. கண்மாய்க்கு வர்ற பறவை மிரண்டு போயிரும்னு பல வருசமா அங்க சனம் தீபாவளிக்கு வெடியே போடுறதில்லை. அவங்க சொந்த நாய்க்காகக்கூட இல்லைப்பா, எங்கேயிருந்தோ வந்துட்டுப் போற கொக்குக்காகவும் நாரைக்காகவும். நம்ம பிளாக்குல ரெண்டாவது மாடிக்காரரைக் கேட்டா, "என் காசு, என் வெடி"ம்பாரு. அவரு வாங்குறது எதிர்த்த கடைச் சீட்டுல, அதுவும் இன்னும் ரெண்டு தவணை பாக்கி.

டீயைக் குடி. ஆறுது.

நாளைக்கே டாக்டர்கிட்ட நேரம் கேட்டு வாங்கு. டைகரைக் கூட்டிட்டுப் போனா, அவரு மேசை மேல வாலை ஆட்டிக்கிட்டு நிக்கும், "இதுக்கா பயம்?"னு அவரு சந்தேகப்படுவாரு. பயந்துக்கிட்டு இருக்குறப்ப எடுத்த வீடியோ இருந்தாத்தான் டாக்டருக்கு எந்த மாதிரிப் பயம்னு தெரியும்: நடுக்கமா, ஓட்டமா, மூச்சு வாங்குதா, எவ்வளவு நேரத்துல தெளியுது. உன்கிட்ட அது இல்லைன்னு சொல்லிராதே. போன தீபாவளிக்கு அது சோபாவுக்குப் பின்னால நடுங்குனதுக்கு வடிவேலு வசனம் சேத்து ரீல்ஸ் போட்டியே, பதினோராயிரம் பேரு சிரிச்சாங்கன்னு என்கிட்டயே காட்டுனியே, அதைக் கொண்டுபோ. சவுண்டை மட்டும் மியூட்ல போட்டுக் காட்டு.